பள்ளிக்கூடமும் வரிவிலக்கும்: தாளாளர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. பெரும்பாலும் சிற்றூர்களில் இருக்கும் மெட்ரிக் பள்ளிகள், நர்சரி பள்ளிகள், கூடவே ஒன்றிரண்டு அரசு உதவி பெறும் பள்ளிகள். மார்ச் வந்தால் தாளாளர்கள் கேட்பார்கள், சேர்க்கை நேரத்தில் பெற்றோர் கேட்பார்கள், ஆண்டு விழா முடிந்ததும் பழைய மாணவர்கள் கேட்பார்கள். சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. அதில் அறக்கட்டளைகளுக்கான பகுதி 332 முதல் 355 வரையான பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் ஆடிட்டர் முதல் அலுவலக உதவியாளர் வரை எல்லோரும் இன்னமும் 12ஏ (பள்ளிக்கான வரிவிலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கான வரிக் கழிவு) என்றுதான் சொல்கிறார்கள். நானும் பழைய எண்களையே சொல்கிறேன்.

எங்க ஸ்கூல் டிரஸ்ட் பேர்லதான் நடக்குது. அப்போ வருமான வரி கிடையாதுதானே?

அப்படி இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவானால் டிரஸ்ட் பிறந்துவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். வரிவிலக்குக்கு வருமான வரித் துறையிடம் தனியாகப் பதிவு வாங்க வேண்டும். அதைத்தான் முன்பு 12ஏ என்றும் பிறகு 12ஏஏ என்றும் சொன்னோம். 2021 ஏப்ரல் முதல் அது 12ஏபி. டிரஸ்டாக இல்லாமல் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாக இருந்தாலும், லாப நோக்கில்லாத கம்பெனியாக இருந்தாலும் இதே விதிதான்.

பத்திரத்தை பீரோவில் வைத்துக்கொண்டு, விலக்கு இருப்பதாகவே நம்பிப் பல வருடம் நடந்த பள்ளி ஒன்றை எனக்குத் தெரியும். நோட்டீஸ் வந்த பிறகுதான் பதிவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. தனிநபர் தன் பெயரிலேயே நடத்தும் பள்ளி என்றால் பேச்சே இல்லை. மிஞ்சுவது அவருடைய வருமானம், அதற்கு அவர் வரி கட்ட வேண்டும்.

ஃபீஸ் வாங்கித்தானே பள்ளி நடத்துறாங்க. அது எப்படி தர்மம் ஆகும்?

நியாயமான கேள்வி. வருமான வரிச் சட்டம் 2(15)-ஆம் பிரிவில் எவையெல்லாம் தர்ம நோக்கம் என்று சொல்கிறது. ஏழைகளுக்கு உதவுதல், கல்வி, யோகா, மருத்துவ உதவி என்று போகும் அந்தப் பட்டியலில் கல்வி தனியாகவே இடம்பெறுகிறது. ஏழைக்கு மட்டும் கொடுத்தால்தான் கல்வி தர்மம் என்றோ, இலவசமாகக் கொடுத்தால்தான் என்றோ அதில் இல்லை. இந்தப் பார்வை இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. 1891-இல் பெம்சல் வழக்கில் தர்மத்தை நான்கு வகையாகப் பிரித்தபோதே கல்வி அதில் ஒன்று. நம் ஊரில் அதற்கும் முன்னாலேயே, 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற தர்மப் பணத்திலிருந்து 1842-இல் சென்னையில் பள்ளி திறந்திருக்கிறார்கள்.

எது கல்வி என்பதை உச்ச நீதிமன்றம் 1975-இல் லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் சொன்னது. முறையான பள்ளிப் படிப்பின் வழியாக மாணவர்களின் அறிவையும் திறமையையும் மனதையும் குணத்தையும் வளர்ப்பதுதான் இங்கே கல்வி. அதனால் கட்டணம் வாங்கும் டியூஷன் சென்டர் இந்த வரையறைக்குள் வருவது கடினம். பள்ளி கட்டணம் வாங்குவது தவறே இல்லை. வாங்கிய பணம் எங்கே போகிறது என்பதில்தான் தர்மமா வியாபாரமா என்பது தெரியும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எல்லாப் பதில்களும் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

வருஷக் கடைசியில பணம் மிஞ்சினா விலக்கு போயிடுமா?

போகாது. உபரி வருவது குற்றமில்லை. பள்ளியின் நோக்கமே உபரி சம்பாதிப்பது என்றாகிவிட்டால்தான் சிக்கல். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே பள்ளி நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும், 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்பது பொது விதி. ஒரு கோடி ரூபாய் வந்தால் 85 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். ஆசிரியர் சம்பளம், கரண்ட் பில், சாக்பீஸ் எல்லாம் இதில் சேரும். புதிய வகுப்பறை கட்டினால் அதுவும் சேரும். ஆனால் கட்டடத்தின் முழுச் செலவையும் இப்படிக் காட்டிவிட்டு அதே கட்டடத்துக்குத் தேய்மானமும் எழுதக் கூடாது.

ஆய்வகம் கட்டப் பணம் சேர்க்கிறோம், இந்த வருடம் செலவழிக்க முடியாது என்றால், எதற்காகச் சேர்க்கிறோம் என்று துறைக்குப் படிவம் கொடுத்து 5 ஆண்டுவரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் வங்கி வைப்பு போல சட்டம் அனுமதித்த முதலீடுகளில் இருக்க வேண்டும். தெரிந்தவர் கடையில் வட்டிக்குப் போடக் கூடாது.

இன்னொன்று. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு இந்த 85-இல் ஏறாது. ஒரு பள்ளியில் சுவர் பூச்சு வேலைக்கு மேஸ்திரிக்கு ஒரே வவுச்சரில் 48,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்திருந்தார்கள். வேலை நடந்தது உண்மை. பூச்சு இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. ஆனாலும் கணக்கில் அந்தத் தொகை நிற்கவில்லை. வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை.

சின்னப் பள்ளிக்குப் பதிவே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாரே, நிஜமா?

ஓரளவு உண்மை. பழைய சட்டத்தின் 10(23சி) பிரிவின்படி, லாப நோக்கமின்றிக் கல்விக்காக மட்டுமே நடக்கும் நிறுவனத்தின் ஆண்டு வரவு 5 கோடி ரூபாயைத் தாண்டாவிட்டால், தனி ஒப்புதல் இல்லாமலே விலக்கு உண்டு. இந்த வரம்பு முன்பு ஒரு கோடியாக இருந்தது. ஒரே டிரஸ்ட் மூன்று பள்ளிகள் நடத்தினால் மூன்றின் வரவையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பெரும்பகுதி அரசுப் பணத்தில் நடக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு விலக்கு இருக்கிறது. மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

ஆனால் 80ஜி வேண்டுமென்றாலோ, வரவு 5 கோடியை நெருங்கிக்கொண்டிருந்தாலோ 12ஏபி வாங்கிவிடுவது நல்லது. விலக்கு இருக்கிறது என்பதற்காகக் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடவும் கூடாது.

12ஏ வாங்கியாச்சு. இனிமே அதைத் தொட வேண்டியதில்லையே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை வாங்கினால் போதும், சான்றிதழை பிரேம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்டிவிடுவார்கள். 2021-க்குப் பிறகு பதிவுக்குக் காலக்கெடு உண்டு. புதிய டிரஸ்டுக்குத் தற்காலிகப் பதிவு 3 ஆண்டு, நிரந்தரப் பதிவு என்று நாம் சொல்வது 5 ஆண்டு. சிறிய அறக்கட்டளைகளுக்கு, அதாவது முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் விலக்குக்கு முந்தைய வருமானம் 5 கோடியைத் தாண்டாதவற்றுக்கு, 2025 ஏப்ரல் முதல் கொடுக்கும் விண்ணப்பங்களில் 10 ஆண்டு கிடைக்கிறது. இது நல்ல மாற்றம்.

தற்காலிகப் பதிவு வாங்கியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. பள்ளியைத் தொடங்கிய 6 மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போது, இதில் எது முந்தியதோ அதற்குள் அடுத்த விண்ணப்பம் போக வேண்டும். மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஸ்கூலுக்கு 80ஜி இருக்குன்னா, நான் கட்டுற ஃபீஸுக்குக் கழிவு கிடைக்குமா?

கிடைக்காது. 80ஜி நன்கொடைக்கானது. கட்டணம் என்பது உங்கள் பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்த விலை. அதற்கு இருப்பது 80சி. பழைய வரி முறையில் இருப்பவர்கள் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸை, 1,50,000 ரூபாய் என்ற மொத்த வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். பள்ளிக்கு 12ஏபி இருக்கிறதா இல்லையா என்பது இதற்குத் தேவையே இல்லை. வளர்ச்சி நிதி, நன்கொடை போன்றவை 80சி-யில் சேராது. புதிய வரி முறையில் இருந்தால் 80சி-யும் இல்லை, 80ஜி-யும் இல்லை.

பழைய மாணவன் நான். பத்தாயிரம் கொடுத்தா பத்தாயிரமும் வரியில கழியுமா?

இல்லை. பள்ளி டிரஸ்டுக்குக் கொடுத்ததில் பாதி, அதாவது 5,000 ரூபாய், உங்கள் வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரியில் இருப்பவருக்கு 4 சதவீத செஸ்ஸோடு சேர்த்து 1,040 ரூபாய் மிச்சம். அதுவும் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். உங்கள் மொத்த வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகும் நன்கொடை கணக்கில் வராது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. பள்ளி கொடுக்கும் அச்சடித்த ரசீது மட்டும் போதாது. உங்கள் பான் எண்ணோடு நன்கொடை விவரத்தைப் பள்ளி துறையின் இணையதளத்தில் ஏற்றி, அங்கிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ்தான் செல்லும். ஏற்றக் கடைசி நாள் மே 31.

பெஞ்சு, கம்ப்யூட்டர், நூலகத்துக்குப் புத்தகம் என்று பொருளாகக் கொடுத்தாலும் 80ஜி இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகம் வாடிவிடும். தான் படித்த வகுப்பறைக்குத் தானே நின்று பெஞ்சு செய்து கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அந்த நிறைவு வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். கழிவும் வேண்டுமென்றால் பணமாகக் கொடுங்கள், பள்ளி வாங்கிக்கொள்ளட்டும்.

அட்மிஷனுக்கு 'டொனேஷன்' கேட்கிறாங்க. ரசீது தந்தா அது சரியான நன்கொடைதானே?

சரி இல்லை. மனமுவந்து கொடுப்பதுதான் நன்கொடை. கொடுக்காவிட்டால் சீட் இல்லை என்று வந்துவிட்ட பிறகு அதை நன்கொடை என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் இதைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்குவரை அபராதம் விதிக்கலாம்.

வரி விஷயத்திலும் இது நிற்காது. சேர்க்கைக்காக வாங்கிய பணத்தை இன்னொரு டிரஸ்ட் பெயரில் நன்கொடையாகக் காட்டிய வழக்கில், அது தானாகக் கொடுத்த நன்கொடை ஆகாது என்று 2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆக ரசீது இருந்தாலும் பெற்றோர் 80ஜி கேட்க முடியாது, பள்ளிக்கும் விலக்கில் சிக்கல். யார் கொடுத்தது என்று பெயரே இல்லாமல் வரவு வைத்தால், நன்கொடைகளில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதற்கு மேலே உள்ளதற்கு 30 சதவீத வரி.

இதைப் பற்றி எனக்கு ஆற்றாமை உண்டு. தாலிக்கொடியை அடகு வைத்து, மஞ்சள் பையில் பணம் கொண்டுவந்து, ரசீது கேட்கக்கூடப் பயந்து நின்ற ஒரு தாயை ஒரு பள்ளி வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளியின் கணக்கை அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. தர்மப் பள்ளி என்று பதிவு வாங்கிக்கொண்டு இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிங்கப்பூர்ல இருக்கிற மாணவர் ஒருத்தர் பணம் அனுப்புறேன்கிறார். வாங்கலாமா?

முதலில் அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், நம் ஊர்ப் பிள்ளையாகவே இருந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். அதைப் பெற உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். 12ஏபி, 80ஜி எதுவும் இதற்கு ஈடாகாது. வந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

நான்தான் தாளாளர். நான் சம்பளம் எடுக்கலாமா? பள்ளிக் கட்டடம் என் மனைவி பேர்ல இருக்கு, வாடகை கொடுக்கலாமா?

இரண்டும் செய்யலாம். வேலைக்குத் தகுந்த சம்பளமாகவும், அந்தத் தெருவில் நிலவும் வாடகையாகவும் இருக்க வேண்டும். நிறுவனர், டிரஸ்டிகள், அவர்களின் உறவினர், பெரிய தொகை கொடுத்த நன்கொடையாளர், இவர்களுக்குப் பள்ளியின் பணம் நியாயமற்ற வழியில் போகக் கூடாது என்பது வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. முழுநாளும் பள்ளியில் இருந்து நிர்வாகம் பார்ப்பவருக்குச் சம்பளம் உண்டு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பக்கத்துக் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் கிடைத்தால் ஒரு நகலும் கோப்பில் இருக்கட்டும்.

ஒரு டீசல் பில் எனக்கு மறக்காது. பள்ளிப் பேருந்துக் கணக்கில் மே மாதம் நடுவில் ஒரு பில். பள்ளி விடுமுறை, பஸ் நகரவே இல்லை. வண்டி எண்ணைப் பார்த்தால் வீட்டுக் கார். தொகை சிறியதுதான், ஆனால் இப்படி ஒன்று கிடைத்தால் அதிகாரி எல்லா பில்லையும் புரட்டுவார். இப்போதைய விதிப்படி, அப்படிப் போன தொகைக்கு 30 சதவீத வரி, அதன் மேல் முதல் தடவை அந்தத் தொகை அளவுக்கே அபராதம், மறுபடி நடந்தால் அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்கு.

12ஏ இருக்கும்போது ஜிஎஸ்டி எங்களுக்கு எப்படி வரும்?

ஜிஎஸ்டிக்கும் 12ஏ-வுக்கும் தொடர்பே இல்லை. மழலையர் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பள்ளி தன் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் தரும் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. தனிநபர் நடத்தும் பள்ளிக்கும் அது பொருந்தும். பள்ளிக்கு வெளியாள் செய்துதரும் மாணவர் போக்குவரத்து, உணவு, காவல், துப்புரவு ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. கட்டட வேலை போன்றவற்றுக்குப் பள்ளி ஜிஎஸ்டி கொடுத்தாக வேண்டும், திரும்பக் கிடைக்காது.

சிக்கல் வருவது மைதானத்தில். சனி, ஞாயிறு மைதானத்தைக் கிரிக்கெட் அகாடமிக்கு விட்டு வருடம் இரண்டு லட்சம் வருகிறது, ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்புக்குக் கீழேதானே என்பார்கள். அந்த 20 லட்சக் கணக்கில் வரியில்லாத கல்விக் கட்டணமும் சேரும். கட்டணமே 80 லட்சம் என்றால் வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே அந்த இரண்டு லட்சத்துக்காகப் பதிவு செய்து வரி கட்ட வேண்டும். செல்போன் டவர், ஏடிஎம் வாடகைக்கும் இதே நிலைதான். வருமான வரிக்காகவும் இந்த வரவுகளுக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சொத்து வரியும் விலக்குதானே?

அது மாநிலச் சட்டம், உள்ளாட்சி முடிவு. 12ஏபி சான்றிதழைக் காட்டி மட்டும் கேட்க முடியாது. 1992-இல் டெல்லி மாநகராட்சிக்கும் சில்ட்ரன் புக் டிரஸ்டுக்கும் நடந்த வழக்கில், கட்டணம் வாங்கும் பள்ளி என்பதாலேயே சொத்து வரிக்குத் தர்ம நிறுவனம் ஆகிவிடாது, பொதுமக்களுக்குக் கொடுக்கும் தர்மம் அதில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்வி தானாகவே தர்மம் என்று மேலே சொன்னேனே, அது வருமான வரிச் சட்டத்தின் வரையறை. ஒவ்வொரு சட்டத்திலும் அந்தச் சொல்லுக்கு அந்தச் சட்டம் சொல்வதுதான் பொருள்.

டிரஸ்ட் பத்திரத்தில கல்வியோட கோயில் திருப்பணி, மருத்துவ முகாம் எல்லாம் எழுதியிருக்கு. பரவாயில்லையா?

எந்த வழியில் விலக்கு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சின்னப் பள்ளிகளுக்கான 10(23சி) வழியில் கேட்டால் இது ஆபத்து. 2022 அக்டோபர் 19-இல் நியூ நோபிள் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், 'கல்விக்காக மட்டுமே' என்றால் மட்டுமேதான், வேறு நோக்கம் எதுவும் கலக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. முதன்மை நோக்கம் கல்வியாக இருந்தால் போதும் என்ற பழைய பேச்சு அதோடு முடிந்தது. 12ஏபி வழியில் மருத்துவம், ஏழைகளுக்கு உதவி போன்றவை சேர்ந்திருக்கலாம். திருப்பணி போன்ற சமயச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் 80ஜி போய்விடும்.

லண்டன்ல பள்ளிகளுக்குச் சலுகையை எடுத்துட்டாங்களாமே?

பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்தது உண்மை. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்களும் அதைக் கட்டுகிறார்கள். இங்கிலாந்தில், தர்ம நிறுவனங்களாக இருக்கும் தனியார் பள்ளிகளுக்குக் கட்டட வரியில் இருந்த 80 சதவீதச் சலுகையும் அதே ஆண்டு ஏப்ரலில் நீங்கியது. ஆனால் அந்தப் பள்ளிகளின் தர்ம அந்தஸ்தை யாரும் பறிக்கவில்லை. நன்கொடைக்கான சலுகைகள் தொடர்கின்றன. ஒரு சலுகை போனால் எல்லாம் போகும் என்பது அங்கேயும் இல்லை.

பிள்ளைகள் குறைஞ்சுட்டாங்க. பள்ளியை மூடிட்டு நிலத்தை வித்துப் பங்கு போட்டுக்கலாமா?

முடியாது. டிரஸ்டின் சொத்து டிரஸ்டிகளின் சொத்து இல்லை. 1990-இல் சில லட்சத்துக்கு வாங்கிய இரண்டு ஏக்கர் இன்று கோடிகளில் நிற்கும்போது இந்தக் கேள்வி வருகிறது. 2016-இல் வந்த 115டிடி பிரிவு இதற்காகத்தான். அறக்கட்டளை தர்ம அந்தஸ்தை விட்டு வெளியே போனால், சொத்துகளின் இன்றைய சந்தை மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து, மிஞ்சுவதற்கு உச்சபட்ச விகிதத்தில் வரி விழும். நிலத்தை விற்காவிட்டாலும் விழும். பதிவு ரத்தானாலும் விழும். 2023 முதல், பதிவைப் புதுப்பிக்க உரிய காலத்தில் விண்ணப்பிக்காமல் விட்டாலும் விழும். மேலே காலக்கெடுவை அவ்வளவு வலியுறுத்தியது இதனால்தான்.

வழி இருக்கிறது. டிரஸ்டைக் கலைத்தால் 12 மாதத்துக்குள் சொத்து முழுவதையும் பதிவு பெற்ற வேறொரு அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டால் இந்த வரி இல்லை. பெரும்பாலான பத்திரங்களில் கடைசிப் பக்கத்தில், கலைக்கும்போது இதே நோக்கமுள்ள அறக்கட்டளைக்கே சொத்து போக வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் பத்திரத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து ஊரில் இடமில்லாமல் ஷெட்டில் வகுப்பு நடத்தும் டிரஸ்ட் பள்ளி ஏதாவது இருந்தால், அவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.